‘தி ரெயின்கோட்ஸ்’ பேண்டின் முதல் ஆல்பத்தில் சுருதியும் சேரவில்லை, தாளமும் சேரவில்லை. வாசிக்கத் தெரியாத பெண்களின் ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் அமெரிக்க ராக் பேண்ட் நிர்வாணாவின் ரசிகராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் பாடகர் கர்ட் கோபேனுக்கு மிகவும் பிடித்த ஆல்பம் என்று எங்கேயோ படித்துவிட்டுத் தேடிப் போட்டிருப்பீர்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் எரிச்சல் வந்திருக்கும். வரட்டும், அதில் தப்பில்லை. ஆனால் ‘வாசிக்கத் தெரியாத பெண்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் யார் இவர்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஆனா ட சில்வா போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து லண்டனுக்கு வந்தவர். ஜினா பர்ச் நாட்டிங்ஹாம்காரர். இருவரும் ஹார்ன்சி கலைக் கல்லூரியில் படிக்கும்போது 1977ல் ஆரம்பித்த பேண்ட் இது. தொடக்கத்தில் ஆண்களும் இருந்தார்கள். பிறகு ‘தி ஸ்லிட்ஸ்’ என்ற பெண்கள் பங்க் பேண்டிலிருந்து வெளியே வந்த பாமோலிவ் என்பவர் டிரம்ஸுக்கு வந்தார், விக்கி ஆஸ்பினால் வயலினோடு வந்தார். இந்த நால்வரும் போட்ட ஆல்பம் 1979 கடைசியில் ரஃப் டிரேட் வெளியீடாக வந்தது. பத்துப் பாட்டு. ரஃப் டிரேட் என்பது லண்டனில் ஒரு ரெக்கார்டு கடையாகத் தொடங்கி, ஆல்பம் வெளியிடும் லேபிளாக வளர்ந்தது. லாபத்தைப் பேண்டும் லேபிளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது அன்றைக்கு அவர்கள் வழக்கம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை.

இதில் விக்கி முறையாக மேற்கத்திய செவ்வியல் இசை படித்தவர். நீங்கள் சொல்கிற ‘தெரியாது’ அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஜினாவும் ஆனாவும் வாசித்துக்கொண்டே கற்றவர்கள், உண்மைதான். படித்தவரும் படிக்காதவரும் ஒரே அறையில், யாரும் யாரையும் அடக்காமல் வாசித்திருக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நான் சின்ன வயதிலிருந்து கர்னாடக வயலின் கற்றவள், அதனால் எனக்குக் கேட்பதைச் சொல்கிறேன். கச்சேரியில் பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின்காரர் ஒரு நூல் பின்னாலேயே வருவார். பாடகர் ஒரு பிடியைப் பிடித்து நிற்பார், வயலின் அதைத் தொட்டுவிட்டு மேலே போகும். இரண்டும் ஒரே கணத்தில் விழாது. அதை யாரும் தப்பென்று சொல்வதில்லை. ‘நோ சைடு டு ஃபால் இன்’ பாட்டை ஒரு முறை அந்தக் காதோடு கேளுங்கள். ஒரு குரல் ஆரம்பிக்க இன்னொன்று வந்து சேர்கிறது, வயலின் குறுக்கே இழுக்கிறது, பாமோலிவ் சிம்பலைக் கொஞ்சமாகத் தொட்டுவிட்டு டாம் என்கிற ஆழமான ஒலி தரும் டிரம்களிலேயே உருட்டிக்கொண்டு போகிறார். எதுவும் எதையும் மூடவில்லை. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று காது கொடுத்துக்கொண்டே வாசிப்பவர்களால்தான் இது முடியும். கர்னாடக இசையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வித்வான்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பயிற்சியே தேவையில்லை என்றும் சொல்லவில்லை, நான் இன்றைக்கும் காலையில் சாதகம் செய்கிறவள்.

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், இதே வார்த்தையை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டல் தோழிகள் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். டிரம்ஸ் வாசித்தவள் நாகர்கோவில் பக்கம், சர்ச்சில் வாசித்துப் பழகியவள், கை அவ்வளவு சுத்தம். கல்ச்சுரல்ஸுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது பொறுப்பில் இருந்த சார் பட்டியலைப் பார்த்துவிட்டு, “பாடுறது மட்டும் நீங்க பாடுங்கம்மா, வாத்தியத்துக்குப் பசங்களைப் போட்டுக்கலாம். உங்களுக்கு டைமிங் வராது” என்றார். நாங்கள் ஒரு வரிகூட வாசித்துக் காட்டியிருக்கவில்லை. டிரம்ஸ்காரி எதுவும் பேசவில்லை. அவர் மேஜை விளிம்பிலேயே இரண்டு விரலால் ஏழு அடி வரும் 7/8 தாளத்தைத் தட்டிக் காட்டினாள், ஒரு அடி பிசகவில்லை. “சரி சரி, பார்க்கலாம்” என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார். மேடையிலும் ஏறினோம். அங்கே மிக்ஸரில் இருந்தவர் எங்கள் பேஸ் கித்தாரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டார், கேட்டால் “குரல் கேட்கணும்ல மேடம்” என்றார். அதே மேடையில் எங்களுக்கு முன்னால் வாசித்த பசங்களுக்கு அந்தக் கவலை அவருக்கு வரவில்லை.

டைமிங் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஹாஸ்டல் கேட்டை மாலை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். வகுப்பு முடிவதே நாலரை. பையன்கள் ராத்திரி பத்து மணி வரை ஆடிட்டோரியத்தில் பிராக்டிஸ் செய்வார்கள், கேள்வி கேட்க ஆள் கிடையாது. நாங்கள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் வாட்ச்மேன் அண்ணன் நோட்டில் பெயர் ஏறும், வீட்டுக்கு போன் போகும், அம்மா அழுவாள். லைப்ரரிக்கு, லேபுக்கு, எதற்கும் இதே கதைதான். பாதுகாப்புக்காக என்பார்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால் வளாகத்தில் விளக்குப் போடுங்கள், பஸ் விடுங்கள், எங்களை ஏன் பூட்டுகிறீர்கள்? இன்றைக்கும் பல கல்லூரிகளில் இப்படித்தான் நடக்கிறது என்று என் அத்தை மகள் சொல்கிறாள். பழகுவதற்கு நேரமும் கொடுக்க மாட்டீர்கள், அப்புறம் பழக்கம் போதவில்லை என்று மார்க்கும் போடுவீர்கள்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். பாட்டுகள் எதைப் பற்றியவை என்று கவனித்தீர்களா? ‘ஆஃப் டியூட்டி டிரிப்’ பெண்ணைச் சிதைத்த ஒரு ராணுவ வீரனிடம், அவன் வேலை கெட்டுவிடக் கூடாது என்று நீதிமன்றமே இரக்கம் காட்டியதைப் பற்றியது. அதை இனிமையாக வேறு பாட வேண்டுமா? அந்த வயலின் அங்கே கீறத்தான் வேண்டும். ‘லோலா’ 1970ல் கிங்க்ஸ் என்ற ஆங்கிலேய பேண்ட் போட்ட ஹிட், ஓர் ஆண் தன் அனுபவமாகச் சொல்கிற பாட்டு. இவர்கள் வரிகளில் ஆண் பெண் எதையும் மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார்கள். யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பதே புரண்டுவிடுகிறது. இதற்கு யோசனை வேண்டும், துணிச்சலும் வேண்டும்.

கோபேன் கதையும் உண்மைதான். தன்னிடமிருந்த பிரதி தேய்ந்துபோய், 1992ல் லண்டனில் ரஃப் டிரேட் கடைக்குப் போய் விசாரித்திருக்கிறார். ஆனா ட சில்வா ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று சொல்லி அங்கே அனுப்பினார்கள். இதை நிர்வாணாவின் ‘இன்செஸ்டிசைட்’ ஆல்பக் குறிப்பில் அவரே எழுதினார். 1993ல் மறுவெளியீடு வந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம், அதற்கு நன்றி. ஆனால் அவர் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே இந்த ஆல்பம் முழுதாக இருந்தது. ‘தி வாய்ட்’ பாட்டில் ஒரு சுருதியும் அவருக்காக வாசித்தது கிடையாது. எங்கே இந்தப் பேண்டின் பேச்சு வந்தாலும் அந்தக் கடைக் கதையிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீங்கள் மறுபடி கேட்பதாக இருந்தால் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் காணாமல் போய்விடும். ஹெட்போனில், முதலில் ‘ஃபேரிடேல் இன் தி சூப்பர்மார்க்கெட்’. ஆல்பத்துக்கு முன்பு தனியாக வந்த பாட்டு, மறுவெளியீட்டில் சேர்த்திருக்கிறார்கள். முதல் தடவை ஜினாவின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அடுத்த தடவை டிரம்ஸை. அப்புறம் ‘இன் லவ்’. அதற்கும் பிறகு பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் எல்லாமும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேள்வியில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்திவிடுங்கள்.