சம்ப் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

வீட்டுக் குடிநீர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். ஒரே நிமிடத்தில் தண்ணீர் செம்மண் குழம்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. இத்தனை நாள் இதையா குழந்தைகளுக்குக் கொடுத்தோம் என்று வயிற்றைப் பிசைகிறது. 18,000 ரூபாய் சொல்கிறார். வாங்கிவிடலாமா?
— வாசகி, மடிப்பாக்கம்

முதலில் வயிற்றைப் பிசைவதை நிறுத்துங்கள் அம்மா. அந்தக் குழம்பு உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல, அவர் விட்ட கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. என்பது சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் இயந்திரம். அதன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் மின்சாரம் பாயாது, கம்பி கரையாது, தண்ணீரும் தெளிவாகவே இருக்கும். அவ்வளவுதான் வித்தை.

எங்கள் வீட்டிலும் ஒரு பையன் வந்து இதே வேடிக்கையைக் காட்டினான். நான் எழுந்துபோய் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த உப்பு ஜாடியை எடுத்து வந்து, அவனுடைய ‘தூய’ தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டேன். இப்போது கம்பியை விடு தம்பி என்றேன். அதுவும் செம்மண் குழம்பானது. பாவம், பையன் முகம் வாடிவிட்டது. மாத இலக்கு என்று ஏதோ சொன்னான். காபி கொடுத்து அனுப்பினேன். இயந்திரம் வாங்கவில்லை.

அதற்காக ஆர்.ஓ. யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை நீங்கள் எழுதவே இல்லையே! மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரியா? மூன்றும் ஒரே சம்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், கலக்கும் வீடுகள் உங்கள் பகுதியில் நிறைய. ஒவ்வொன்றையும் தனித்தனித் தம்ளரில் பிடித்து, கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். அது பேனா அளவுக் கருவி, சில நூறு ரூபாய்தான். மழைக்குப் பின் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஒரே போர் கிணறு இரண்டு பருவத்தில் இரண்டு விதமாகப் பேசும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. உங்கள் அளவு 500-க்குக் கீழே என்றால் உப்பைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொன்னது. கிருமிக்கு யு.வி. (புற ஊதா) விளக்கும் மெல்லிய வடிகட்டியும் உள்ள சிறிய இயந்திரம் போதும், அல்லது அடுப்பு போதும். போர் தண்ணீர் 1200, 1500 காட்டுகிறது, துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மலரவில்லை, காபி உப்புக் கரிக்கிறது என்றால் ஆர்.ஓ. வாங்குங்கள், நியாயம்தான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மீட்டர் காட்டுவது மொத்த உப்பை மட்டும். நைட்ரேட்டையோ ஃபுளோரைடையோ அது பிரித்துச் சொல்லாது. கிருமி அதன் கண்ணுக்கே படாது. ஒரு முறையாவது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஒரு கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். பழைய குளிர்பான பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கிருமிச் சோதனைக்குக் கூடத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். என் காலத்தில் ஊறுகாய் வாசனை வீசும் பாட்டில்களில் எத்தனை மாதிரிகள் வந்தன என்று எண்ணினால் இந்தப் பக்கம் போதாது.

எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள். எல்லா வீட்டிலும் சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கிறது. அப்படியும் மாதம் தவறாமல் யாராவது ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. எந்த இயந்திரத்துக்கு மாறலாம்?
— வாசகர், கோடம்பாக்கம்

இயந்திரத்தை விடுங்கள். கீழே இறங்கிப்போய் சம்ப் மூடியைத் திறங்கள். கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எங்கள் கதையைத்தான் யாரோ எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். இரண்டு கோடைக்கு முன்னால் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிறு கெட்டது. ஒருவர் கடைச் சமோசா என்றார், ஒருவர் மாம்பழம் என்றார். நான் என் பழைய குளோரோஸ்கோப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். இரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு மருந்துப் புட்டி, வண்ண அட்டை, இவ்வளவுதான் அதில் இருக்கும். தண்ணீரைக் கோடு வரை ஊற்றி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும்.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் வாசல் அடி பம்பில் பிடித்துப் பார்த்தேன். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்க்கும் முன் இருக்குமே, அந்த இளமஞ்சள். வீடு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். இருந்தது. அதே தண்ணீர் சம்பில் இறங்கி, மாடித் தொட்டிக்கு ஏறி, என் சமையலறைக் குழாய்க்கு வந்த பிறகு பிடித்தேன். சொட்டு விட்டேன். நிறமே மாறவில்லை. இன்னும் இரண்டு சொட்டு. நிறமில்லாத வெறும் தண்ணீராகவே நின்றது. அரை நாளில் குளோரின் எங்கே போயிற்று? நடுவில் எதனோடோ சண்டை போட்டுத் தீர்ந்துபோயிருக்கிறது.

மூடியைத் திறந்தோம். டார்ச் அடித்தால் சுவரோரம் முடிக்கற்றை போல ஏதோ ஆடியது. பக்கத்து வேப்பமரத்தின் வேர். விரிசல் வழியாக உள்ளே வந்து தண்ணீரில் சுகமாக மிதந்துகொண்டிருந்தது. வேர் வந்த சுவருக்கு நேர் பின்னால் நாலடி தூரத்தில் சாக்கடைத் தொட்டி. தண்ணீரை இறைத்த பிறகு பார்த்தால் அந்த விரிசலைச் சுற்றி மட்டும் கருப்பாகக் கசிந்திருந்தது. சங்கச் செயலாளர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார். கொத்தனார் வந்து வேரை வெட்டி, விரிசலை அடைத்துப் பூசினார். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை வெளியே விட்டு, இரண்டு நாள் கேன் தண்ணீரில் காலம் தள்ளினோம். ஆன செலவை எட்டால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு ஓர் இயந்திரத்தின் வடிகட்டி மாற்றும் காசுகூட இல்லை. அதன் பிறகு குழாய்த் தண்ணீரில் சொட்டு விட்டேன், மஞ்சளானது.

‘அப்படியானால் இயந்திரம் கிருமியைத் தடுத்திருக்க வேண்டாமா’ என்று கேட்பீர்கள். ஒழுங்காக இருக்கும் ஆர்.ஓ. சவ்வு தடுக்கும். ஆனால் பல இயந்திரங்களில் சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைச் சவ்வுக்குப் போகாமலே கலந்துவிடும் திருகு ஒன்று உண்டு. அதற்குப் பிறகு யு.வி. விளக்கு இருந்தால்தான் அந்தத் தண்ணீருக்குக் காவல். அந்த விளக்கோ ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், கிருமியைக் கொல்லும் பலம் மட்டும் போய்விடும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று என் வீட்டு விளக்குக்கு வயது 26 மாதம். ஆண்டுப் பராமரிப்புக்கு முன்பணம் வாங்கிய ஆட்கள் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் ஊரார் தண்ணீரைச் சோதித்தவளின் வீட்டு லட்சணம் இது.

இன்னொன்றும் இருக்கிறது. குடிப்பது மட்டும்தான் இயந்திரத் தண்ணீர். பல் தேய்ப்பது, கீரை அலசுவது, தம்ளர் கழுவுவது எல்லாம் சம்ப் தண்ணீரில்தானே? சுத்தமான தண்ணீரை அந்த ஈரத் தம்ளரில்தானே பிடிக்கிறீர்கள்? ஆகவே முதலில் சம்ப், பிறகு மாடித் தொட்டி, மூன்றாவதாக இயந்திரம். வருடத்துக்கு இரண்டு முறை கழுவுங்கள். ஓட்டையில்லாத மூடி போட்டுப் பூட்டுங்கள். சாக்கடைத் தொட்டி எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள்.

எங்கள் இயந்திரத் தண்ணீரின் டி.டி.எஸ். 22. அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலும் இவ்வளவு குறைவாக இல்லை. சரிதானே?
— வாசகர், அண்ணா நகர்

பரீட்சை மதிப்பெண் போல எழுதியிருக்கிறீர்கள், சிரித்துவிட்டேன். 22 என்பது உப்பின் கணக்கு, சுத்தத்தின் கணக்கு அல்ல. 22 காட்டும் தண்ணீரில் கிருமி இருக்கலாம், 300 காட்டும் தண்ணீரில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். கால்சியம், மக்னீசியம் எல்லாம் போய்விட்டதே என்று பதறவும் வேண்டாம். கேழ்வரகு, பால், கீரை, பருப்பு சாப்பிடும் வீட்டில் அவை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் கிடைக்கின்றன. தண்ணீர் சப்பென்று இருக்கும், அவ்வளவே.

தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக ஏடு படிகிறது. இதைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று கணவர் பயமுறுத்துகிறார்.
— வாசகி, பெரம்பூர்

அது சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரையாத கார்பனேட்டாக மாறி அடியில் உட்காருகிறது. கல்லில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் ஆக்சலேட், வேறு சரக்கு. கல் வந்தவர்களுக்கு மருத்துவர் சொல்லும் முதல் வார்த்தையே ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்பதுதான். ஆறியதும் தெளிவை மட்டும் மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்துக்குச் சாறு பிழிந்த எலுமிச்சை மூடிகளைப் போட்டுக் கொதிக்க வையுங்கள், பளிச்சென்று வந்துவிடும். கணவர் ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பயமுறுத்தும் ஆண்கள் பெரும்பாலும் மூன்று தம்ளரைத் தாண்டுவதில்லை.

மாமியார் ஆர்.ஓ. தண்ணீரையும் சீரகம் போட்டுப் பத்து நிமிடம் காய்ச்சித்தான் குடிக்கிறார். சிலிண்டர்தான் சீக்கிரம் தீர்கிறது. பிறகு செப்புக் குடத்தில் ஊற்றி வைக்கிறார். தேவையா?
— வாசகி, குரோம்பேட்டை

மாமியார் பக்கம் பாதி, உங்கள் பக்கம் பாதி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் போதும், மீதி ஒன்பது நிமிடம் சிலிண்டர் கம்பெனிக்கு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. பத்து லிட்டர் சுண்டி ஒன்பதானால் அதே உப்பு ஒன்பது லிட்டரில் இருக்கும். செப்புக் குடத்தில் இரவு முழுதும் வைத்தால் கிருமி குறைவது உண்மை. ஆனால் குடத்தில் சொம்பை முக்கி, கூடவே விரலையும் முக்கி மொண்டால் அத்தனையும் வீண். குழாய் வைத்த குடமாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், கோபிக்க மாட்டார். எலுமிச்சைச் சாறும் மோரும் மட்டும் செம்பில் வேண்டாம். சீரகம் அவர் இஷ்டம்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு ஊற்றுகிறேன். ரோஜா இலை ஓரமெல்லாம் கருகுகிறது.
— வாசகர், வேளச்சேரி

கருகாமல் என்ன செய்யும்? ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போகிறது என்று வையுங்கள். நாலு லிட்டரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுதும் அந்த மூன்று லிட்டரில் ஏறிவிடும். 1500 இருந்த போர் தண்ணீர் 2000 ஆகி ரோஜாவுக்குப் போகிறது. கொட்டிவிடவும் வேண்டாம். நாளுக்கு 15 லிட்டர் பிடிக்கும் வீட்டில் 45 லிட்டர், மாதத்துக்கு 1350 லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கிய ஊர் இது. அந்தக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். வீடு துடைக்க, கழிப்பறைக்கு, மிதியடி அலச வைத்துக்கொள்ளுங்கள். ரோஜாவுக்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டி மண்ணில் ஏறிய உப்பை வரும் மழை கழுவிவிடும்.

பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினோம். இயந்திரத் தொட்டியில் பழைய தண்ணீர் அப்படியே இருக்கிறது. குடிக்கலாமா?
— வாசகி, மந்தைவெளி

வேண்டாம். அதில் குளோரின் கிடையாது, காக்க ஆளில்லாத தண்ணீர். குழாய் மூக்கை விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டியை முழுதும் காலி செய்து நிரப்புங்கள், மறுபடியும் ஒரு முறை காலி செய்து நிரப்புங்கள். மூன்றாவது தொட்டியிலிருந்து குடிக்கலாம். முதல் இரண்டையும் கொட்டாதீர்கள், பத்து நாள் தூசி படிந்த தரை துடைக்கக் காத்திருக்குமே.