அக்கி வந்து போனபின் அம்மாவுக்கு மறதி: வைரஸ் மூளைக்கு ஏறிவிட்டதா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. மார்ச் மாதம் வலது விலாவில் அக்கி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் முதலில் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் ஒரு பெரியவரிடம் காவியால் அக்கி எழுதிக்கொண்டோம். எரிச்சல் தாங்காமல் ஐந்தாம் நாள்தான் டாக்டரிடம் போனோம். புண் ஆறிவிட்டது, வலி போகவில்லை. அதற்கு ப்ரீகாபலினும், இரவில் அமிட்ரிப்டிலினும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக மறதி. சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்கிறார். அடுப்பில் பால் வைத்ததை மறந்து பாத்திரம் தீய்ந்துவிட்டது. அக்கி வைரஸ் மூளைக்குப் போய் டிமென்ஷியா வரும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. உண்மையா? வைரஸ் மருந்தை இன்னொரு முறை கொடுக்கலாமா? எனக்கு 52 வயது. நான் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: முதலில் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறப்போம். வைரஸை அப்புறம் பார்க்கலாம்.

அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்கு நல்ல மாத்திரை, பழைய மாத்திரை, விலையும் குறைவு. ஆனால் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிற குணம் அதற்கு உண்டு. புதிதாக ஒன்றை மனதில் பதிக்க அந்த ரசாயனம் வேண்டும். டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் நோய்க்கு நாங்கள் எழுதித் தரும் டொனெபெசில் மாத்திரையின் வேலையே அதைக் கூட்டுவதுதான். ஒரு மாத்திரை ஏற்றுவதை இன்னொரு மாத்திரை இறக்குகிறது. வாய் உலர்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, சிறுநீர் போகச் சிரமப்படுகிறாரா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் என் சந்தேகம் கூடும். ப்ரீகாபலின் தன் பங்குக்கு மந்தத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் அது உடம்பில் தங்கிவிடும், அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதோடு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சளி மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எழுபதைத் தாண்டியவர்களுக்குத் திடீர் மறதி என்று அழைத்து வரும்போது, மருந்துச் சீட்டைப் படித்தே பாதி விஷயம் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

அதற்காக நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், எழுதிக் கொடுத்த டாக்டர் மூலமாக. மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அளவு எப்போது கூடியது, சிலிண்டர் கேள்வி எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரைக்குப் பின்னால் மறதி வந்திருந்தால் தாளே சொல்லிவிடும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு திடீர்க் குழப்பம், கடும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல் என எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஹெர்பிஸ் இன வைரஸ் (அக்கி வைரஸும் இந்த இனம்தான்) மூளைக் காய்ச்சலை உண்டாக்கினால் ஊசி வழியாக அசைக்ளோவிர் ஏற்ற வேண்டும். அங்கே மணிக்கணக்குக்கூட முக்கியம்.

சரி, வைரஸுக்கு வருவோம். வீடியோவில் ஒரு துளி உண்மை இருக்கிறது.

அக்கி புதிதாக வந்து தொற்றுவது இல்லை. சின்ன வயதில் அம்மை வார்த்தபோது வந்த அதே வைரஸ், முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வந்த வாடகைக்காரர் மாதிரி, காலி செய்வதே இல்லை. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பு வழியாக வெளியே வருகிறது. அதனால்தான் கொப்புளங்கள் ஒரு பக்கமாக, பட்டை போட்டதுபோல வருகின்றன.

இதே குடும்பத்தில் இன்னொருவர் உண்டு: உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். வயதானவர்களின் மூளையில் இதன் மரபணுத் தடயம் இருப்பதை மான்செஸ்டரில் ரூத் இட்சாகியின் குழு 1991-இல் காட்டியது. வெகுகாலம் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம், கிருமிகளைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் தற்காப்புப் பொருளாகவும் இருக்கலாம் என்று ஹார்வர்டின் ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்சியும் சொன்ன பிறகுதான் கவனம் திரும்பியது. 2022-இல் ஆய்வகத்தில் வளர்த்த மூளைத் திசுவில் சோதித்தபோது, அக்கி வைரஸ் தனியாக அமிலாய்டு படிவை உண்டாக்கவில்லை. ஆனால் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சிம்ப்ளெக்ஸை எழுப்பிவிட்டது. படிவும் அழற்சியும் அதற்குப் பிறகு வந்தன. இது போக, அக்கி வைரஸ் ரத்தக் குழாய்ச் சுவரையும் பாதிக்கும். அக்கி வந்த பிறகு சில காலம் பக்கவாத அபாயம் கூடுவது அதனால்தான். கண்ணோரம் வந்த அக்கியை நாங்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனிதர்களிடம் கிடைத்த ஆதாரத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேல்ஸ் நாட்டு ஆய்வு. அங்கே 2013 செப்டம்பரில் அக்கி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் ஊசி என்று கோடு போட்டார்கள். ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் கிடையாது. வழக்கமாகத் தடுப்பூசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால் ஒரு சிக்கல் வரும்: ஊசி போட்டுக்கொள்கிறவர் நடைப்பயிற்சியும் போவார், சர்க்கரையும் பார்த்துக்கொள்வார், அவருக்கு மறதி குறைவாக வந்தால் எதனால் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்த இரண்டு பாட்டிகளுக்குள் என்ன வித்தியாசம் இருக்கும்? அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருந்தவர்களின் பதிவுகளை ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு அலசி, 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியிட்டது. ஊசி போட்டவர்களிடம் அடுத்த ஏழு ஆண்டுகளில் டிமென்ஷியா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் பலன் இன்னும் தெளிவு.

அப்படியானால் வைரஸைக் கொன்றால் மறதி நின்றுவிடுமா? உங்கள் இரண்டாவது கேள்வி இதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாவணகெரே தேவானந்த் (பெயரிலேயே நம் கர்நாடகம்!) தலைமையில், ஆரம்பநிலை அல்சைமரும் ஹெர்பிஸ் தொற்றின் அடையாளமும் இருந்த 120 பேரில் பாதிப் பேருக்கு வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் ஒன்றரை ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2025-இல் முடிவு வந்தது. பலன் இல்லை, மருந்து சாப்பிட்டவர்கள் நினைவுத் தேர்வில் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். ஆகவே ஆறிய அக்கிக்கு மறுபடி அந்த மாத்திரை வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு அதுவே குழப்பத்தை உண்டாக்கும். அதன் நேரம் கொப்புளம் கிளம்பிய முதல் 72 மணி நேரம். காவி எழுதியதைக் குறை சொல்லமாட்டேன், என் பாட்டியும் எழுதிக்கொண்டவர்தான். அதனால் போன நான்கு நாள்தான் என் வருத்தம். அடுத்த முறை யாருக்கு வந்தாலும் முதலில் டாக்டர், அப்புறம் பாட்டரி டவுன்.

அம்மாவுக்கு உண்மையிலேயே டிமென்ஷியா ஆரம்பமாகியிருக்கலாமா? இருக்கலாம். ஆனால் அது வழக்கமாக இரண்டு மாதத்தில் வந்து நிற்பதில்லை. போன தீபாவளிக்கே பலகாரக் கணக்கில் தடுமாறினாரா, சீட்டுப் பணம் கட்டியதை மறந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரைகளைச் சரிசெய்யும் அதே வாரத்தில் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரக ரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். சைவக்காரராக இருந்தால் பி12 கட்டாயம். காது கேட்கிறதா என்றும் பாருங்கள். காதில் விழாததை நாம் மறதி என்று நினைத்துக்கொள்கிறோம். வலியில் தூக்கம் கெட்டிருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பதும் கணக்கில் வரும். மாத்திரையைக் குறைத்து ஆறேழு வாரம் ஆகியும் அப்படியே இருந்தால் ஸ்கேன், நரம்பியல் மருத்துவர், தேவைப்பட்டால் நிம்ஹான்ஸ் (பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனை).

நினைவுத் தேர்வைத் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு மூதாட்டியிடம், இது என்ன மாதம் என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் கேட்டார். பாட்டி ‘ஆடி’ என்றார். அது ஜூலை கடைசி. நர்ஸ் தப்பு என்று கோடு போட்டார். அப்படி நாலு கோடு விழுந்தால் நல்ல மூளைக்கும் நோய்ப் பெயர் வந்துவிடும். இந்த ஊர்த் தமிழ்ப் பாட்டிகள் காய்காரரிடம் கன்னடமும் பால்காரரிடம் தெலுங்கும் பேசுகிறவர்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை ஆண்டு தள்ளி வருகிறது என்று சுவர்ணா அல்லாடி குழு ஹைதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்து 2013-இல் எழுதியது. தாளில் விழும் மதிப்பெண் அதையெல்லாம் பார்க்காது.

கடைசியாக உங்கள் ஊசி. இந்தியாவில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் என்ற அக்கி தடுப்பூசி 2023 முதல் கிடைக்கிறது. இரண்டு டோஸ், இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளி. மலிவு இல்லை. வேல்ஸில் போட்டது பழைய வகை ஊசி. இந்தப் புதிய வகைக்கும் டிமென்ஷியா தள்ளிப்போவதோடு தொடர்பு தெரிகிறது என்று ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வு ஒன்று 2024-இல் சொன்னது. மறதிக்காக மட்டும் என்றால் போடுங்கள் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அம்மா பட்ட எரிச்சலைக் கூட இருந்து பார்த்தவர் நீங்கள், அது வராமல் இருக்கவே போட்டுக்கொள்ளலாம். அக்கி ஒருவருக்கு இரண்டாம் முறையும் வரும் என்பதால் அம்மாவுக்கும் போடலாம், மாத்திரை விவகாரம் அடங்கிய பிறகு. போட்ட அன்று இரவு கை நன்றாக வலிக்கும், காய்ச்சலும் குளிரும் வரலாம். சனிக்கிழமை சாயங்காலமாகப் போட்டுக்கொண்டு, ஞாயிறு சமையலை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுங்கள்.