30 வாட் போதுமா, 100 வாட் வேண்டுமா?

கேள்வி: 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி, 8 ஓம் (மின்தடை) என்று போட்டிருக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறேன். என்னிடம் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சேனலுக்கு 30 வாட். உட்காருவது 3 மீட்டர் தள்ளி. 100 வாட் இல்லாமல் சரிப்படாது என்கிறார்களே?

பதில்: கணக்குப் போட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். 86 என்பது 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்த சத்தம். திறந்தவெளியில் 3 மீட்டருக்குப் போனால் 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் 6 அளவில் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும். ஆக, ஸ்பீக்கருக்கு 1 வாட்டிலேயே உங்கள் காதருகே சுமார் 83 டெசிபல்.

வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் ஏறும். பத்து மடங்கானால் 10. எனவே 30 வாட்டில் 98, 100 வாட்டில் 103. எழுபது வாட் கூடுதலாக வாங்கிக் கிடைப்பது வெறும் 5 டெசிபல்!

சராசரி 75 டெசிபலில் கேட்டால், மேளத்தின் அடி போன்ற உச்சங்கள் 95 வரை எகிறும். அதற்கு 30 வாட் தாங்கும். சராசரியே 85 வேண்டும் என்பவருக்கு உச்சம் 105. அதற்கு ஏறக்குறைய 160 வாட் தேவை. அந்த ரசனைக்கு 92 டெசிபல் ஸ்பீக்கர் தேடுவதே புத்திசாலித்தனம். 6 டெசிபல் கூடினால் நாலில் ஒரு பங்கு, அதாவது 40 வாட் போதும்.

இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். சென்சிட்டிவிட்டியை '2.83 வோல்ட்டில்' என்று எழுதி, ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தால், அங்கே போவது 2 வாட்; 8 ஓமில்தான் அது 1 வாட். பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து 3 கழித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையர் பக்கம், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) சொன்ன வாட்டை அப்படியே நம்ப முடியாது. பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கர் 60 வாட், ஆம்ப்ளிஃபையர் 100 வாட். எரிந்துவிடுமா?

பதில்: நிதானமாகக் கேட்டால் எரியாது. ஆம்ப்ளிஃபையர் முழு வாட்டையும் எப்போதும் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. சாதாரணமாகக் கேட்கையில் ஓடுவது பெரும்பாலும் 1 வாட்டுக்கும் கீழே. சிறிய ஆம்ப்ளிஃபையரை எல்லை மீறி முறுக்குவதும் ஆபத்துதான். அலையின் தலை வெட்டுப்பட்டு, சராசரி பவரும் மேல் அதிர்வெண்களும் ஏறி, முதலில் ட்வீட்டரின் (மேல் அதிர்வெண்களுக்கான சின்ன ஸ்பீக்கரின்) கம்பிச்சுருள் எரிந்துபோகும். ஒலி கரகரத்துக் காதைக் குத்தத் தொடங்கினால் உடனே குறையுங்கள். வால்யூம் குமிழ் பாதியில் இருக்கிறது, பாதி பவர்தான் என்று நினைக்காதீர்கள். உள்ளே வரும் சிக்னல் பலமாக இருந்தால் பாதியிலேயே முழு பவரும் தீர்ந்துவிடும்.