ஜே இன்ஸ்லீ: இரண்டு தொகுதியும் சரிதான்

வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில முன்னாள் ஆளுநர் இன்ஸ்லீயைக் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினராக ஒரு குறிப்பு 4ஆம் தொகுதியிலும் இன்னொன்று 1ஆம் தொகுதியிலும் காட்டுகிறது, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் எழுதுங்கள்.

1989 முதல் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர், 1992 தேர்தலில் 4ஆம் தொகுதியில் ஜெயித்தார். கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே, யாக்கிமா நகரின் பக்கம், ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த பகுதி. ஜனநாயகக் கட்சிக்காரருக்கு அங்கே காலூன்றுவதே பெரும்பாடு. போதாக்குறைக்கு, தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தார். 1994இல் குடியரசுக் கட்சியின் டாக் ஹேஸ்டிங்ஸிடம் தோற்றார். தெரிந்தே எடுத்த முடிவு என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

1996இல் ஆளுநர் பதவிக்கு முயன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலோடு சரி. சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் குடியேறியிருந்த அவர், 1998இல் 1ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் ரிக் வைட்டைத் தோற்கடித்தார். உங்கள் பட்டியலில் அவருடைய காங்கிரஸ் ஆண்டுகளில் 1995க்கும் 1999க்கும் நடுவே இருக்கும் இடைவெளி இதுதான், அச்சுப்பிழை இல்லை.

2012 மார்ச்சில் காங்கிரஸிலிருந்து விலகி, அந்த ஆண்டே ஆளுநர் தேர்தலில் வென்றார். 2013 முதல் 2025 வரை, மூன்று முறை ஆளுநர்.