மூன்று கியர் ஹப்பில் இரண்டாவது பற்சக்கரம் போடலாமா?

ஒட்டுசுட்டான் பக்கம் வயலுக்கு உரமூட்டை ஏற்றிப் போக, பழைய ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் (பின்சக்கரத்தின் நடுவில், கியர்களை உள்ளே வைத்திருக்கும் உருளை) இன்னும் கியர் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், ஹப்பில் இருக்கும் பற்சக்கரத்தின் பக்கத்தில் இன்னொன்றைப் பூட்டினால் சரி. பிராம்ப்டன் மடிப்புச் சைக்கிளின் ஆறு கியர் வகையும் இதே யோசனைதான்.

அந்தக் கம்பெனியின் 1936இல் வந்த ஏடபிள்யூ என்ற மூன்று கியர் ஹப், பின் பற்சக்கரம் ஒருமுறை சுற்றும்போது சக்கரத்தை கியருக்கு ஏற்ப 0.75, 1, 1.33 முறை சுற்றவைக்கும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், மிதி ஒருமுறை சுற்றும்போது சக்கரம் சுற்றுவது 1.83, 2.44, 3.26 முறை. பக்கத்தில் 22 பல் ஒன்றைச் சேர்த்தால் 1.5, 2, 2.67. ஆறும் வேறு வேறு, ஒன்றுகூட வீணில்லை! சோளகக் காற்றுக்கு எதிரே மூட்டையோடு மிதிக்க அந்த 1.5 பெரிய உதவி.

சிக்கல் செயினில்தான். ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றதுக்கு மாற்றும்போது, நாலு பல் வித்தியாசத்துக்குப் பின்சக்கரத்தை ஏறக்குறைய அரை அங்குலம் நகர்த்தவேண்டும், இல்லாவிட்டால் செயின் தொங்கும். செயினைத் தானாக இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் இழுவைக் கை பூட்டினால் இந்த வேலை இல்லை, ஆனால் கிரவல் புழுதி அதைச் சீக்கிரம் தின்றுவிடும். சுமை நாளில் மட்டும் பின்சக்கர நட்டைத் தளர்த்தி, கையால் செயினை மாற்றுவதே எனக்குப் பிடித்த வழி. அப்புறம் கியர் கேபிளைத் திரும்பச் சரிசெய்ய மறக்கவேண்டாம். அது பிசகினால் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் மிதி பிடியில்லாமல் சுழலும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது ஆபத்து.