கல்வி, மூளை, லேசர்: மூன்றையும் சேர்த்து ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கேட்டவர் இயற்பியலில் முதுகலை முடிக்கப் போகிறார். லேசர் பிடிக்கும். மூளை எப்படிக் கற்கிறது என்பதிலும் ஆர்வம் உண்டு. கடைசியில் தன் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. மூன்றும் ஒரே ஆய்வேட்டில் அடங்குமா, அடங்கும் என்றால் எந்தத் துறையில் சேர்வது என்று கேட்கிறார்.

லேசரில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, மூளை ஆய்வுக் குழு ஒன்றுக்கு நுண்ணோக்கி கட்டித் தரும் வேலைக்கு வந்தவன் நான். நடுவில் இளநிலை மாணவர்களுக்கு ஒளியியலும் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை நிலவரம் இதுதான். மூன்று துறைகளையும் ஒரு முக்கோணத்தின் மூலைகளாக வைத்துக்கொள்ளுங்கள். லேசருக்கும் மூளைக்கும் இடையிலான பக்கம் கெட்டியானது. இயற்பியலுக்கும் கல்விக்கும் இடையில் உள்ளதும் கெட்டிதான். மூளையிலிருந்து வகுப்பறைக்கு நேராகப் போகும் பக்கம்தான் ஆட்டம் காண்கிறது. வேடிக்கை என்னவென்றால் கூட்டமெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது.

லேசர்–மூளைப் பக்கம் நான் புழங்கும் இடம் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளைத் திசு ஒளியைச் சிதறடிக்கும். சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே போனாலே எல்லாம் மங்கிவிடும். இதற்கான விடை 1931-லேயே காகிதத்தில் இருந்தது. ஓர் அணு இரண்டு ஃபோட்டான்களை ஒரே சமயத்தில் விழுங்க முடியும் என்று மரியா கோப்பெர்ட் மேயர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது மிக அரிது. 1960-இல் முதல் லேசர் எரிந்து, அடுத்த ஆண்டுதான் அது சோதனையில் தென்பட்டது. 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் அதை ஒரு நுண்ணோக்கியாக்கினார்கள்.

இரு ஃபோட்டான் உறிஞ்சுதல் ஒளிச்செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் குவியப் புள்ளியில் இருக்கும் மூலக்கூறுகள் மட்டுமே ஒளிரும். அதற்கு மேலேயும் கீழேயும் இருட்டுதான். அகச்சிவப்பு ஒளி சிதறுவதும் குறைவு. இரண்டும் சேர்வதால் உயிருள்ள சுண்டெலி மூளையின் வெளியடுக்கான புறணியில் அரை மில்லிமீட்டர் ஆழம்வரை, சில சமயம் அதற்கும் கீழே பார்க்க முடிகிறது. செறிவு அதிகம் வேண்டும், அதே நேரம் திசு வெந்துவிடவும் கூடாது. இதற்குத்தான் டைட்டானியம்-சஃபையர் லேசர். 100 ஃபெம்டோ விநாடி (ஒரு ஃபெம்டோ என்பது ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நீளத் துடிப்புகள், விநாடிக்குச் சுமார் 8 கோடி. பெருக்கிப் பார்த்தால், ஒரு விநாடியில் லேசர் உண்மையில் எரிவது 8 மைக்ரோ விநாடி மட்டும். சராசரித் திறன் 1 வாட் என்றால் துடிப்பின் உச்சியில் 1 லட்சம் வாட்டைத் தாண்டும். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ சுழியங்களைக் கூட்டிவிட்டேனோ என்று தோன்றியது. கணக்கு சரிதான்.

இப்படிப்பட்ட கருவியால் என்ன பார்த்தார்கள்? 2009-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், சிறிய பிளவு வழியாக முன்னங்காலை நீட்டி விதையை எடுக்கச் சுண்டெலிகளைப் பழக்கினார்கள். பயிற்சி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் உடல் அசைவை இயக்கும் புறணிப் பகுதியின் நியூரான் (நரம்பு செல்) கிளைகளில் புதிய முட்கள் முளைத்தன. ஒரு நியூரான் இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும் இடங்கள் இந்த முட்கள். தொடர்ந்து பழகப் பழக, அந்தப் புதியவற்றில் கணிசமானவை நிலைத்து நின்றன. 2014-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது: பயிற்சிக்குப் பின் தூங்கவிட்ட சுண்டெலிகளில் முட்கள் அதிகம் முளைத்தன, தூங்கவிடாதவற்றில் குறைவாக முளைத்தன.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கை பரபரக்கும், தெரியும். கற்றலைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று, இனி பாடத்திட்டத்தை இதை வைத்தே எழுதலாமே என்று தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள்.

தூங்கினால் படித்தது தங்கும் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் 1924-லேயே காட்டிவிட்டார்கள். பொருளற்ற அசைகளை மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்து, தூங்கியபின் எவ்வளவு நினைவிருக்கிறது, விழித்திருந்தபின் எவ்வளவு என்று கேட்டார்கள். அவ்வளவுதான் சோதனை. லேசர் இல்லை, எலி இல்லை. அதுவும் கார்னெலில்தான் நடந்தது! ஆசிரியருக்குத் தேவைப்பட்டது அன்றே கிடைத்துவிட்டது. 2014 ஆய்வு சொன்னது அது எப்படி நடக்கிறது என்பதை. மூளை அறிவியலுக்கு அது பெரிய விஷயம். நாளைக் காலை வகுப்பெடுக்கப் போகிறவருக்குப் புதிதாக எதுவும் இல்லை.

இந்த வாதம் என்னுடையது அல்ல. மூளையிலிருந்து கல்விக்கு நேராகப் பாலம் கட்டுவது நடக்காத காரியம், நடுவில் மனம் எப்படிச் சிந்திக்கிறது, கற்கிறது என்று ஆராயும் அறிதல் உளவியல் என்ற திட்டில் இறங்கித்தான் போக வேண்டும் என்று ஜான் புரூயர் 1997-இல் எழுதினார். இன்றைக்கும் அவர் சொன்னதைப் பெரும்பாலும் மறுக்க முடியவில்லை. வாசிப்புக் குறைபாட்டை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியை விதிவிலக்காகச் சொல்லலாம். மற்றபடி மூளைப் படத்தைக் காட்டி விற்கப்படும் கற்பித்தல் முறைகளை நான் நம்புவதில்லை. நம்மையும் இதில் ஏமாற்றுவது சுலபம். 2008-இல் வீஸ்பெர்க் குழுவினர், ஓட்டை விளக்கங்களில் தொடர்பே இல்லாத மூளைத் தகவல் ஒன்றைச் செருகிப் படிக்கக் கொடுத்தார்கள். பொதுமக்களுக்கு அந்த விளக்கங்கள் திருப்தி தந்தன. மூளை அறிவியல் பாடம் எடுத்திருந்த மாணவர்களும் அதே வலையில் விழுந்தார்கள். துறை நிபுணர்கள்தான் தப்பித்தார்கள். பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்களிடம் 2012-இல் எடுத்த ஆய்வில், ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்’ என்று மாணவர்களைப் பிரிக்கும் ஆதாரமற்ற கொள்கையைப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்பினார்கள்.

இருக்கட்டும். மனிதர்களிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், லேசரை வைத்து எதுவுமே பார்க்க முடியாதா? முடியும், ஆனால் முட்கள் அளவுக்கு அல்ல. மண்டையோட்டுக்கு அடியில் இருக்கும் நம் புறணியை இரு ஃபோட்டான் ஒளி வெளியிலிருந்து எட்டாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அருகிலுள்ள அகச்சிவப்பு ஒளியைத் தலைமேல் பாய்ச்சி, சில சென்டிமீட்டர் தள்ளி வெளிவருவதை அளந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதைப் பார்க்கும் முறை 1977-இல் யோப்சிஸ் தொடங்கிவைத்தது. அதை வகுப்பறைக்கே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் ரத்தம் சில விநாடிகள் தாமதமாகத்தான் வந்து சேரும்.

என்னைக் கேட்டால் இதைவிட அழகானது வேறொன்று. நியூரான்களின் மின்னோட்டத்தால் தலைக்கு வெளியே ஏற்படும் காந்தப்புலம் சுமார் 100 ஃபெம்டோ டெஸ்லா. பூமியின் புலம் அதைப் போல ஏறத்தாழ 50 கோடி மடங்கு. இதை அளக்க முன்பு திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் குளிர்வித்த உணரிகள் வேண்டும். தலையை அசைக்கவே கூடாது. சின்னக் குழந்தையிடம் இதெல்லாம் நடக்குமா? இப்போது சிறு கண்ணாடிக் கலத்தில் ரூபிடியம் ஆவியை அடைத்து, 795 நானோமீட்டர் லேசரைச் செலுத்துகிறார்கள். புலம் சுழியமாக இருக்கும்போது ஆவி ஒளியை விட்டுவிடும். மூளையின் புலம் குறுக்கிட்டால் வெளிவரும் ஒளி குறையும். உணரி சிறியது என்பதால் தலைக்கவசத்திலேயே பொருத்தலாம். 2018-இல் நாட்டிங்காம் குழு அப்படி அணியக்கூடிய கருவியைக் காட்டியது. அடுத்த ஆண்டே 2 வயதுக் குழந்தையிடமும் அளந்தார்கள். காந்தத் தடுப்பு அறை இன்னும் வேண்டும் என்பதால் வகுப்பறைக்குள் வராது. ஆனாலும் உங்கள் மூன்று ஆர்வங்களும் ஒரே அறைக்குள் வரும் இடம் இன்றைக்கு இதுதான் என்பேன்.

மீதமுள்ள இயற்பியல்–கல்விப் பக்கத்துக்கு ஒரு மனிதரே போதும். கார்ல் வீமன் விலை மலிவான டையோடு லேசர்களை வைத்து, அதே ரூபிடியம் அணுக்களைக் குளிர்வித்தவர். 1995-இல் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கத்தை (கடும் குளிரில் அணுக்கள் ஒரே குவாண்டம் நிலைக்கு வந்துவிடும் பொருள்நிலை) உருவாக்கி, 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறகு இயற்பியல் கற்பித்தலை ஆராயத் திரும்பிவிட்டார். 2011-இல் அவர் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில், தலா 260 மாணவர்களுக்கு மேல் இருந்த இரண்டு பிரிவுகளுக்கு ஒரு வாரம் மின்காந்த அலைகள் பாடம். ஒன்றில் மாணவர்கள் நன்கு மதிப்பிட்ட, அனுபவமுள்ள பேராசிரியர் விரிவுரை நிகழ்த்தினார். மற்றதில் அனுபவம் குறைந்தவர், மாணவர்களைக் கேள்விகளில் விவாதிக்கவைத்தார். தேர்வில் சராசரி 41 சதவீதம், 74 சதவீதம். கூடுதல் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மூளையை யாரும் படம் பிடிக்கவில்லை.

ஒளியியலிலேயே இதற்கு வேலை கொட்டிக் கிடக்கிறது. லென்ஸின் பாதியை மறைத்தால் திரையில் பிம்பம் என்னவாகும் என்று கேட்டுப் பாருங்கள். பாதி பிம்பம் போய்விடும் என்று பாடம் முடித்த மாணவர்களே சொல்வதை கோல்ட்பெர்கும் மெக்டெர்மட்டும் 1987-இல் பதிவு செய்தார்கள். முழுப் பிம்பமும் இருக்கும், மங்கலாகும், அவ்வளவுதான். என் வகுப்பிலும் ஒவ்வொரு ஆண்டும் யாராவது பாதியை அழித்துவிடுகிறார்கள்.

இனி எங்கே சேர்வது என்பது. பட்டத்துக்கு ஒரு துறைதான் வீடு. மூன்றையும் சேர்த்து எழுதிய திட்டம் நிதி கேட்டுப் போனால், மதிப்பிடுபவர் ஒவ்வொருவரும் தன் பகுதி மேலோட்டமாக இருக்கிறது என்று எழுதுவார். எங்கள் குழுவுக்கே அது நடந்திருக்கிறது. எனவே தினசரி வேலை எது பிடிக்கிறது என்று பாருங்கள். இருட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை அட்டை வைத்துத் தேடி நேராக்குவது சலிக்காது என்றால் லேசர் துறை. விலங்குகளில் அறுவை செய்யவும் அதற்கான நெறிமுறை அனுமதிக்குக் காத்திருக்கவும் முடியும் என்றால் மூளை. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மாணவர்கள் பேசுவதை எழுத்தாக்கி, ஒரே தவறான பதிலை ஐம்பது வடிவத்தில் படிக்கப் பொறுமை இருந்தால் இயற்பியல் கல்வி ஆராய்ச்சி. முதுகலை முடித்த கையோடு வருகிறீர்கள் என்பதால் லேசரில் நுழைவது எளிது, புள்ளியியலை மட்டும் இப்போதே நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், இயற்பியல் துறைகளில் அதைச் சரியாகச் சொல்லித் தருவதில்லை.

சேரும் முன் நெறியாளரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். மற்றத் துறையிலிருந்து இணை நெறியாளர் யார், அவர் கையெழுத்துக்கு மட்டும்தானா, மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவாரா? முன்பு இப்படி இரு துறையில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? இரண்டாவதற்குப் பெயரோடு பதில் வந்தால் அவர்களிடமே நேரில் பேசிவிடுங்கள்.