விழித்திருக்கும்போதே மூளை அறுவை: அதன் பிறகு பேச்சு?

மூளை அறுவையில் பேச்சுக்கான இடங்களை வெட்டிவிடாமல் இருக்க, அரங்கில் நோயாளியை விழித்திருக்க வைத்து, படங்களைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும் வேலை என்னுடையது. பேச்சு மொழிச் சிகிச்சை செய்கிறேன். நோயாளிகளின் வீட்டாரிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

விழித்திருந்தால் வலிக்காதா?

மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்குத் தெரியும், அதை மரத்துப்போகச் செய்துவிடுவார்கள்.

அறுவை முடிந்த அன்று அப்பா நன்றாகப் பேசினார். மூன்றாம் நாள் வார்த்தை வரவில்லை. ஏதாவது தவறு நடந்துவிட்டதா?

பெரும்பாலும் வீக்கம்தான் காரணம். ஆனால் ரத்தக்கசிவோ வலிப்போ கூட இப்படிக் காட்டலாம், அதனால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். வீக்கம்தான் என்றால் வற்ற வற்றப் பேச்சு திரும்பும். மூளைக்கட்டி நோயாளிகள் 250 பேரைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அறுவைக்கு ஒரு வாரம் கழித்து 56 பேருக்குப் பேச்சு புதிதாகக் குறைந்தோ மோசமாகியோ இருந்தது. ஆறு மாதத்தில் அது நிலைத்துவிட்டது 4 பேருக்கு மட்டும். தேறியவர்கள் மூன்று மாதத்துக்குள் தேறத் தொடங்கியிருந்தார்கள். நானும் மூன்றாம் நாளை வைத்து எதையும் கணிப்பதில்லை.

அரங்கில் எல்லாப் படத்துக்கும் சரியாகப் பெயர் சொன்னாராம். அப்படியென்றால் பேச்சு பத்திரம்தானே?

முழுதாக அப்படிச் சொல்ல மாட்டேன். மூளையின் ஓரிடத்தில் சில நொடிகள் மின்தூண்டல் கொடுத்து அதன் வேலையைத் தடுக்கும்போது, கதவைப் பார்த்து "தகவு" என்பார் ஒருவர். அங்கே ஒலியைக் கோக்கும் பாதை இருக்கிறது. இன்னோர் இடத்தில் அதே ஆள் "ஜன்னல்" என்பார். அது சொல்லின் அர்த்தத்தைத் தேடும் பாதை. இரண்டையும் வெட்டாமல் விட்டுவிடுவோம். ஆனால் வாழ்க்கை படம் பார்த்துப் பெயர் சொல்வதோடு முடிவதில்லையே! நாலு பேர் சேர்ந்து பேசும்போது இடையில் நுழைய முடியவில்லை, நான் வாயெடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். சோதனையில் மதிப்பெண் சரியாகவே இருக்கும், வேகம்தான் குறைந்திருக்கும். வேலைக்குத் திரும்ப முடியுமா என்பதற்கும் இந்த வேகத்துக்கும் தொடர்பு உண்டு. அதனால் விடை சரியா என்பதோடு, எத்தனை நொடியில் வந்தது என்றும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு மொழி போய் இன்னொரு மொழி மட்டும் தங்குமா?

அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியதுதான். மின்தூண்டலின்போது ஒருவருக்கே இரண்டு மொழிகளிலும் பெயர் சொல்வது ஓரளவு வேறு வேறு இடங்களில் தடைபடுவதை 1978லேயே பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் எந்த மொழி, வேலையில் எந்த மொழி என்று அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மா வாயே திறப்பதில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது. வலது கையும் அவ்வளவாக அசைவதில்லை.

மூளையின் முன்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் அறுவை நடந்ததா? அங்கே என்றால் இது நாங்கள் எதிர்பார்ப்பதுதான். பேச்சைத் தொடங்கிவைக்கும் இடம் அது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தேறிவிடும், சிலருக்கு மாதங்களாகும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

வார்த்தையை எடுத்துக் கொடுக்க அவசரப்படாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுங்கள். அப்புறம், ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் மளமளவென எண்ணினால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மனப்பாடமாக வருவது வேறு வழியில் வருகிறது. "நேற்று என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.